தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு

திருப்பூர் மண்ணரையில் அமராவதி குடியிருக்கும் லைன் வீடுகளில் எட்டுக் குடும்பங்கள். அதில் காய்ச்சலைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிறவித் திறமை ஒன்றும் இல்லை. கணவர் ராஜவேலுக்கு இடது நுரையீரலில் கட்டி என்று தெரிந்த பிறகு, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இரண்டு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது. தெர்மாமீட்டர் வைக்கும் முன் அக்குள் வியர்வையைத் துடைக்க வேண்டும். சத்தம் வரும்வரை எடுக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் மல்லாக்கப் படுக்க வைக்காமல், மடியில் தலையணையைக் கொடுத்து முன்னால் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே காட்டினால் போன் செய்ய வேண்டும். ஒரு தடவை கேட்டாள், அப்படியே செய்தாள். அழுதுகொண்டே செய்கிறவர்களும் உண்டு. அதனால் நோயாளிக்கு லாபம் எதுவும் இல்லை.

வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருஷமாக ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். தைத்து வந்த உருப்படியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்ட தையல் எல்லாம் பார்த்து, தப்பு கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது வேலை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ராஜவேலுக்குக் கஞ்சி வைத்து, மாத்திரை கொடுத்து, துணி மாற்றி, சளிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு எட்டரைக்கு டேபிளுக்குப் போனால், திரும்பி வரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். வந்ததும் மறுபடி முதலிலிருந்து. பத்து மாதம் இப்படியே போயிற்று.

ராஜவேல் ரைசிங் மிஷின் ஓட்டியவர். துணியின் உள்பக்கத்தைக் கம்பிப் பல்லால் சீவிப் பஞ்சாக்கும் மிஷின் அது. வேலை விட்டு வரும்போது புருவம் வெளுத்திருக்கும், குளித்தால் கறுக்கும். நாற்பது வயதுவரை பீடியும் உண்டு. கட்டிக்குக் காரணம் பஞ்சா பீடியா என்று அமராவதி ஒரு தடவை கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அத்தோடு விட்டுவிட்டாள்.

கீமோ முடிந்தபோது கட்டி பாதியாகச் சுருங்கி, அதற்கு மேல் அசையாமல் நின்றுவிட்டது. அப்போதுதான் டாக்டர் அந்தோணிராஜ், ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு தடுப்பூசியைப் பற்றிச் சொன்னார்.

"வந்த பொறகு என்னத்துக்குங்க தடுப்பூசி?" என்று ராஜவேல் கேட்டார்.

அதற்குப் பதில் சொன்னது ஆராய்ச்சிப் பிரிவில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வினிதா. முப்பது வயதுப் பெண். ஒரே விஷயத்தைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

"இது வராம தடுக்கறது இல்லீங்கய்யா. வந்ததைக் காட்டிக் குடுக்கறது. புற்றுக்கட்டி மேல சில அடையாளம் இருக்குதுங்க. உடம்போட காவல்காரனுக்கு அது கண்ணுல படறதில்லை, பக்கத்துலயே நடந்து போயிருவான். அந்த அடையாளத்தைச் செய்யறதுக்கான குறிப்பைத்தான் ஊசியில குடுக்கறோம். சும்மா குடுத்தா ரத்தத்துல கொஞ்ச நேரத்துல சிதைஞ்சு போயிரும். அதனால கொழுப்புல நானோ உருண்டை பண்ணி, அதுக்குள்ள வச்சு அனுப்பறோம். ஒரு தலைமுடி அகலத்துல எண்ணூறு உருண்டை வரிசையா நிக்கும்னா பாத்துக்குங்க. அத்தனை பொடிசா இருக்கறதனாலதான் கையில போட்டது நெணநீர் முடிச்சு வரைக்கும் போய்ச் சேருது. காவல்காரங்களுக்கு ட்ரெயினிங் அங்கதானுங்க."

அமராவதி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்க டேபிளுக்கு மேல ஒரு போர்டு தொங்கும் கண்ணு. இது ஓட்டை, இது கறை, இது ஊசிக் கோடுன்னு கெட்ட துணியா வெட்டி வெட்டி ஒட்டியிருப்பாங்க. புதுசா வர்ற புள்ளைக அதைப் பாத்துத்தான் பழகும். அந்த மாதிரிங்களா?"

"அதேதாங்கம்மா! நான் இத்தனை நாள் போலீஸ் ஸ்டேஷன் போட்டோன்னு சொல்லிட்டிருந்தேன். இனி இதையே சொல்லிக்கறேன்."

மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. சின்னக் குழுக்களாகச் சேர்த்து, ஒரு குழு தாங்கினால் அடுத்த குழுவுக்கு மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டுவார்கள். ராஜவேல் இரண்டாவது குழு. கையெழுத்து வாங்கும் முன் வினிதா படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினாள். அமராவதியின் காதில் தங்கியது ஒரே வரி: கடுமையான பின்விளைவு வந்தால் ஊசி நிறுத்தப்படும்.

அதோடு ஒரு கையேடும் கொடுத்தார்கள். தினம் காய்ச்சல் எவ்வளவு, குளிர் நடுக்கம் உண்டா, மூச்சு எப்படி, காய்ச்சல் மாத்திரை எத்தனை போட்டது என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. கீழே கவனிப்பவர் கையெழுத்து.

இங்கேதான் தப்பு நடந்தது. அமராவதி படிக்காதவளோ பொய் சொல்லிப் பிழைப்பவளோ இல்லை. ஆனால் கட்டம் போட்ட காகிதம் என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். அவள் கம்பெனிக்கு, துணி வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வரும். வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சூப்பர்வைசர் ரெஜிஸ்டர்களைக் கொண்டுவந்து டேபிளில் போடுவார். கழிவறை கழுவிய ரெஜிஸ்டர், முதலுதவிப் பெட்டி ரெஜிஸ்டர், உடைந்த ஊசி ரெஜிஸ்டர். மூன்று மாதக் கட்டங்களை ஒரே உட்காரலில் நிரப்பி, பேனா மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். உள்ளபடி எழுதிய நோட்டு தனியாக அலமாரியில் இருக்கும். உற்பத்திக்கு அதுதான் வேண்டும். ஆடிட் நோட்டு ஒன்று, வேலை நோட்டு ஒன்று. ஆடிட் நோட்டில் குறை எழுதினால் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்பது அங்கே முதல் மாதமே கற்றுக்கொள்ளும் பாடம்.

முதல் ஊசி போட்ட மறுநாள் ராஜவேலுக்கு நூறு புள்ளி எட்டு.

"எழுதோணுமுங்க," என்றாள் அமராவதி.

ராஜவேல் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எழுதி? நாலு ஊசி இருக்குது புள்ள. மொத ஊசிக்கே செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி என்னை ஒதுக்கீராத."

"சொன்னா மருந்து குடுப்பாங்க."

"ஊட்டுக்குப் போன்னும் சொல்லுவாங்க. அப்பறம் நமக்கு வேற என்ன இருக்குது, சொல்லு?"

வேறு எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். கையேட்டில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதினாள். எந்த நர்ஸும் புருவம் தூக்காத எண். ஆஸ்பத்திரியில் கொடுத்த இருபது காய்ச்சல் மாத்திரைகளைத் தொடவில்லை. மிச்சத்தை எண்ணுவார்கள் என்று தெரிந்து, மருந்துக் கடையில் தனியாக வாங்கிக் கொடுத்தாள். ஆனால் உண்மையான அளவை எங்கும் எழுதாமல் விட அவளால் முடியவில்லை. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழைய நோட்டு ஒன்றில், சைஸ் வாரியாகப் போட்டிருந்த கட்டங்களுக்குக் கீழே, மணியும் காய்ச்சலும் மாத்திரையும் ஒழுங்காகக் குறித்து வந்தாள்.

இரண்டாவது ஊசிக்கு நூற்றொன்று புள்ளி ஒன்பது. குளிர் நடுக்கம் ஒன்றரை மணி நேரம். கையேட்டில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

பக்கத்து டேபிள் முனவர் பேகத்திடம் மட்டும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். முனவர் பேகம் டிபன் மூடியைத் திறந்தபடியே சிரித்தாள். "அடேயப்பா! அண்ணனையே ஆடிட்டுக்கு ரெடி பண்ணிட்டீங்களேக்கா." பிறகு சிரிப்பு நின்றது. "இல்லக்கா, ஒரே நம்பராவே எழுதுனா நம்புவாங்களா? நடுநடுவுல தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறும் போடுங்க."

அமராவதி அப்படியே போட்டாள்.

மூன்றாவது ஊசி ஒரு சனிக்கிழமை. காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒருவர், மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பெயர் கருப்புசாமி. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. அவருக்கும் நுரையீரலில்தான். அடுத்த குழுவில் முதல் ஆளாகச் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்கம்மணி, உங்கூட்டுக்காரருக்கு ரெண்டு ஊசி போட்டாச்சுங்களாமா. எதாச்சும் பண்ணுச்சுங்களா?"

இரண்டு எட்டில் மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் வினிதா, தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பண்ணலீங்ணா," என்றாள் அமராவதி.

ராஜவேல் அதோடு விடவில்லை. "மறுநாளே கோழிக்கொழம்பு ஊத்தி ரெண்டு வட்டல் சோறு தின்னேனுங்க. கொசு கடிச்சாப்பல இருந்துச்சு, அவ்வளவுதான்."

கருப்புசாமி சிரித்தார். "அப்பச் சரீங்க. நம்ம ஊர்க்காரரு சொன்னா நம்பலாம்." பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அன்று இரண்டு பேருக்கும் ஊசி போட்டு, சாயங்காலம்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ராஜவேலுக்குப் பல் கிட்ட ஆரம்பித்தது. பன்னிரண்டுக்கு நூற்றிரண்டு. இரண்டு மணிக்கு நூற்று மூன்று புள்ளி நாலு. வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் துடைத்தாள். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை. விரல் கருவி தொண்ணூற்றொன்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் எண்பத்தொன்பது. விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டும் என்று உரசிச் சூடாக்கி மறுபடி மாட்டினாள். எண்பத்தொன்பதேதான்.

கையேட்டின் பின்னட்டையில் போன் எண் இருந்தது. அதை எடுத்ததும் ராஜவேல் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் புள்ள... இன்னும் ஒண்ணுதான்..."

"பேசாதீங்க. மூச்சு வீணாகுது."

"மூணு காய்ச்சலையும் கேப்பாங்க... நிறுத்திப்போடுவாங்க..."

நிறுத்தத்தான் செய்வார்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். முப்பத்து நாலு. சாதாரணமாக இருபதைத் தாண்டாது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு போன் போட்டாள்.

வினிதா உடனே எடுத்தாள். அளவுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். "இந்த ஊசிக்குத்தான் இப்படிங்களா?"

"இல்லை கண்ணு. மூணு தடவையும் வந்துச்சு. நான் எழுதலை."

வினிதா சொன்னாள்: "ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன். ஐயாவைச் சாய்ச்சு உட்கார வைங்க. எவ்வளவு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"நெசமான நோட்டு ஒண்ணு இருக்குது. எடுத்துட்டு வாறேன்."

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, ஸ்டீராய்டு மருந்து ஏற்றினார்கள். இந்த மருந்து தடுப்பூசியின் வேலையைக் குறைத்துவிடலாம், ஆனால் இப்போது மூச்சுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டே ஏற்றினார்கள். மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது. ராஜவேல் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் அந்தோணிராஜ் பழைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படுகிற தெம்பில்கூட இல்லை. விடிய விடிய விழித்திருந்த முகம்.

"இவ்வளவு சுத்தமா எங்க நர்ஸுககூட எழுதறதில்லை. அப்பறம் எதுக்கும்மா அந்தக் கையேட்டுல அப்படி?"

"ஆடிட் நோட்டுன்னு நெனச்சுட்டேனுங்க."

அவர் சிரிக்கவில்லை. "காய்ச்சல் வந்ததாலயே ஒருத்தரை அனுப்பறது இல்லைங்கம்மா. எத்தனை வருது, எப்ப எறங்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. நூறு புள்ளி எட்டு, அப்பறம் நூத்தியொண்ணு புள்ளி ஒம்போது. தடவைக்குத் தடவை ஏறுது பாருங்க. இது தெரிஞ்சிருந்தா மூணாவது ஊசியைப் பாதி அளவாப் போட்டிருப்போம். நாலாவதும் போட்டிருக்கலாம்."

அமராவதி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு. உங்க குரூப்ல யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு வச்சுத்தான் அடுத்த குரூப்புக்கு அளவைக் கூட்டுனோம். அதுல மொத ஆளு நேத்து மதியத்துல இருந்து மேல ஐசியூவுல இருக்காரு."

பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நான்கு நாள் கழித்துக் கருப்புசாமியை வார்டுக்கு மாற்றினார்கள். அமராவதி படியேறிப் போனாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போகாமல் இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி பழனாயி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கருப்புசாமிக்கு ஐந்தாறு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. அமராவதியைப் பார்த்ததும் மூக்குக் குழாயோடு சிரிக்கப் பார்த்தார்.

"பாத்தீங்களாம்மணி... உங்கூட்டுக்காரருக்குக் கொசு... எனக்குக் கட்டுவிரியன் கடிச்சாப்பல ஆயிருச்சு. உடம்பு வாகுங்களா என்னமோ..."

"உடம்பு வாகு இல்லீங்ணா. அவருக்கும் மூணு தடவையும் காய்ச்சல். நாந்தான் மறைச்சேன். உங்ககிட்டச் சொன்னது பொய்யிங்க."

கருப்புசாமி அவளையே பார்த்தார். பழனாயிதான் கேட்டாள். "எதுக்குங்க?"

"சொன்னா ஊசியை நிறுத்திப்போடுவாங்கன்னு."

"அதுக்காக என்ற ஊட்டுக்காரரு சாகோணுமா?"

அமராவதி கட்டிலை விட்டு ஓரெட்டுப் பின்னால் வந்தாள்.

"அக்கட்டால போயிருங்கம்மணி," என்றாள் பழனாயி. குரல் உயரவில்லை. "இப்ப நாங்க சண்டை போடற நெலமையில இல்லை."

அமராவதி திரும்பினாள். கதவுவரை போய் நின்றாள். கருப்புசாமி கட்டிலில் வழுக்கிக் கீழே இறங்கியிருந்தார். தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது.

"தலைமாட்டை ஒசத்துங்க. கால்மாட்டுல, கட்டிலுக்கு அடியில கைப்பிடி இருக்குது. சுத்துனா ஏறும். அவரை மேல இழுக்கறப்ப அக்குளைப் புடிச்சு இழுக்காதீங்க, கீழ போட்ட துணியைப் புடிச்சு இழுங்க."

பழனாயி குனிந்து கைப்பிடியைத் தேடுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

ராஜவேல் வீட்டுக்கு வந்த பிறகும் அவளோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார். புரட்டினால் புரண்டார். கேட்ட கேள்விக்கு ம் என்றார். அவளும் பேச்சைப் பிடித்து இழுக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்தாள், எட்டரைக்கு டேபிளுக்குப் போனாள். முனவர் பேகம், "நான் சொன்ன அந்தப் புள்ளி ஆறு என்னாச்சுக்கா?" என்று பயந்து பயந்து கேட்டாள். "அதையும் அடிச்சு நெசத்தை எழுதிக் குடுத்துட்டேன்," என்றாள் அமராவதி. "ஒவ்வொரு அடித்தலுக்கும் கையெழுத்து வாங்குனாங்க. அறுபத்து மூணு கையெழுத்து."

ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கும் குழு கூடி முடிவு செய்திருந்தது. அளவைப் பழையபடி குறைத்துத்தான் இனிப் புது ஆட்களுக்குப் போடுவார்கள். ராஜவேலுக்கு நாலாவது ஊசி இல்லை. ஆனால் ஆராய்ச்சியிலிருந்து பெயரை நீக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் ரத்தமும் பார்ப்பார்கள்.

வினிதா இதைச் சொல்லும்போது ராஜவேலின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஸ்கேன்ல கட்டி அப்படியேதான் இருக்குதுங்கய்யா. பெருசாகலை."

"அது ஊசினாலயா?"

"தெரியலீங்க. கீமோவோட மிச்சமாவும் இருக்கலாம். மூணு ஊசியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"நாலு போட்டிருந்தா?"

"நாலு போட்டிருந்தாலும் உங்க ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாதுங்கய்யா."

திருப்பூர் பஸ்ஸில் படியேற ராஜவேலுக்கு இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அமராவதி அவர் இடுப்புத் துணியைப் பிடித்து ஏற்றி, ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தாள். கருமத்தம்பட்டி தாண்டும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ஒரு மாதமாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"நீ அன்னைக்குப் போன் பண்ணாம இருந்திருந்தா, நாலாவதும் போட்டிருப்பாங்க."

"போட்டிருப்பாங்க. போட்டுக்கறதுக்கு நீங்க இருந்திருக்கோணுமில்லங்க."

ராஜவேல் மறுபடி வெளியே திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "காத்து மொகத்துல அடிக்குது," என்றார்.

அமராவதி எழுந்து, அவர் மேல் சாயாமல் கையை நீட்டி, ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள். அது பாதியில் சிக்கியது. இன்னொரு தடவை பலமாக இழுத்து மூடிவிட்டு, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தாள். மறுநாள் வேலை நாள். எட்டரைக்கு டேபிளில் நிற்க வேண்டும்.